காரைப் பற்ற வைத்த கதை

எங்கள் வீட்டில் ஒரு கார் இருக்கிறது. வழவழவென்று தார் போட்ட ரோடு கிடைத்தால் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனியே ஸ்பிரிங்கு உண்டு. லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். ஒரே ஒரு குறை. உள்ளே உட்கார ஒரு சுண்டெலிக்குக்கூட இடம் கிடையாது. மொத்த நீளமே ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும்!

பேரனுக்கு அவன் மாமா வாங்கிக் கொடுத்தது. பேரனுக்குப் பதின்மூன்று வயது. கையிலே ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு விரலை அசைத்தால், கார் அங்கே தெருமுனையில் திரும்புகிறது. கம்பி இல்லை, கயிறு இல்லை, எல்லாம் ரேடியோ அலை. இதைப் புது அதிசயம் என்று நினைத்துக் கன்னத்தில் கை வைக்க வேண்டாம். 1898-லேயே நிக்கோலா டெஸ்லா என்ற மேதாவி, நியூயார்க்கிலே ஒரு தொட்டித் தண்ணீரில் சின்னப் படகை மிதக்கவிட்டுக் கம்பியில்லாமலே இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாராம். ஜப்பான் தேசத்து டாமியா கம்பெனி 1976-ல் ரேடியோவால் ஓடும் மின்சாரக் காரை விற்க ஆரம்பித்தது. 1985-ல் அமெரிக்காவில் டெல் மார் என்ற ஊரில், பத்தில் ஒரு பங்கு அளவிலான மின்சாரக் கார்களுக்கு முதல் உலகப் பந்தயமே நடந்திருக்கிறது. இந்தத் தகவல்களையெல்லாம் பேரன்தான் எனக்குச் சொன்னான். நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு விஷயம். அதைத்தான் எழுத வந்தேன்.

நாங்கள் இருப்பது நெய்வேலியில். 1978-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். மகனுக்கும் இங்கேயே வேலை கிடைத்ததால், கணவர் ஓய்வு பெற்ற பிறகும் டவுன்ஷிப் வாசம் தொடர்கிறது. வெளியூர்ச் சகோதரிகளுக்கு நெய்வேலி என்றால் கரி, புகை என்று ஒரு எண்ணம். வந்து பார்த்தால் வேம்பும் புங்கமும் நிழல் விரித்த ரோடுகளும், வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய வீடுகளும், வாசலுக்கு வாசல் முருங்கையும், ஆனி மாதத்தில் பண்ருட்டிப் பலாப்பழ வாசனையுமாக இருக்கும்.

ஆனால் இந்த ஊரே மோட்டார்களின் மேல் நிற்கிற ஊர் என்பதை நான் வந்த புதிதிலேயே தெரிந்துகொண்டேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வந்ததுதான் பழுப்பு நிலக்கரியின் முதல் சேதி என்பார்கள். 1957 மே 20-ந் தேதி ஜவாஹர்லால் நேரு வந்து சுரங்கம் வெட்டும் வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் வந்தது. அந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. என் கணவருக்கு எட்டு வருஷம் கழித்து!

கரிக்கு அடியிலே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வெட்ட முடியும். இறைக்கிற பம்புக்கு மோட்டார். மண்ணை அள்ளுகிற ராட்சசச் சக்கரத்துக்கு மோட்டார். அள்ளிய மண்ணைச் சுமந்து போகிற பெல்ட்டுக்கு மோட்டார். அந்த மின்சாரப் பிரிவிலேதான் என் கணவர் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். வீட்டிலே அவர் அதிகம் பேச மாட்டார். அபூர்வமாகப் பேசினால் மோட்டாரைப் பற்றித்தான் இருக்கும்.

போகட்டும். பேரனுடைய கார் ஒருநாள் திடீரென்று விக்க ஆரம்பித்தது. விக்கல் என்றுதான் சொல்ல வேண்டும். முன்னே ஓர் அங்குலம், பின்னே ஓர் அங்குலம், உடம்பெல்லாம் ஒரு நடுக்கம். அவ்வளவுதான், ஓடமாட்டேன் என்கிறது. பள்ளி விடுமுறை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பந்தயம் வைப்பதாக ஏற்பாடு. பிள்ளை சாப்பிடவில்லை. அவன் அப்பா மறுநாளே புதுச்சேரிக்குப் போன வேலையோடு ஒரு கடையில் காட்டினான். கடைக்காரர், "மோட்டார் போய்விட்டது, புதுசு போட வேண்டும்" என்று சொல்லி விலையையும் சொன்னாராம். அந்த விலையைக் கேட்டதும் மருமகள் காரைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைக்கச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

பேரன் தாத்தாவிடம் போனான். "தாத்தா, நீங்கள் பாருங்களேன்!"

அவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே, "கடைக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. என்னுடைய மிக்ஸி, அடுத்த வீட்டு கிரைண்டர், கோயில் பந்தலின் மைக் செட் எதுவாக இருந்தாலும், "எங்கே, காட்டு" என்று முந்திக்கொண்டு வரும் மனிதர் அவர். காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவருக்கு வலது கையில் நடுக்கம். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சால்டரிங் அயர்ன் இருக்கிற மரப்பெட்டியை அவரே தூக்கி அலமாரியின் அடித்தட்டில் பழைய ஸ்வெட்டர்களுக்குப் பின்னால் வைத்துவிட்டார். நெய்வேலியில் ஸ்வெட்டரை யார் எடுக்கப் போகிறார்கள்?

அன்று மத்தியானம் எல்லோரும் தூங்கிய பிறகு, நான் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நீங்கள் சொல்லுங்கள். நான் செய்கிறேன்" என்றேன்.

வெகு நேரம் பேசாமலிருந்தார். கோபித்துக்கொள்வாரோ என்று கூட நினைத்தேன். கடைசியில், "கை வளையலைக் கழற்றி வை" என்றார்.

அதற்கும் காரணம் சொன்னார். காரிலே இருக்கிற பாட்டரி பார்க்க ஒரு சோப்புக் கட்டி மாதிரி. வோல்ட்டோ ஏழரைக்கு ஒரு மாற்றுக் குறைவு: 7.4. ஷாக் அடிக்காது. ஆனால் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு தங்க வளையல் விழுந்தால், பாய்கிற கரண்டில் வளையல் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். பாட்டரியும் தீப்பற்றலாம். ஆகவே முதல் காரியம் பாட்டரியைக் கழற்றித் தூர வைப்பது. இரண்டாவது காரியம் வளையலைக் கழற்றுவது.

பிறகு மோட்டாரைப் பார்த்தோம். நம் மிக்ஸியிலே கார்பன் பிரஷ் என்று ஒரு கரித்துண்டு தேய்ந்து போகுமே, அது இல்லாத மோட்டார் இது. பிரஷ்லெஸ் என்கிறார்கள். மூன்று ஒயர் வருகிறது. மாவு மில்லில் இருக்கிற பெரிய மோட்டாருக்கும் மூன்றுதான். மூன்றும் முறை வைத்துத் தள்ளினால்தான் சுற்றும். ஏதாவது ஒன்று விட்டுப்போனால், ஏற்றம் இறைக்கிற மூன்று பேரில் ஒருத்தன் கையை எடுத்தது போல, முன்னும் பின்னும் ஆடி நின்றுவிடும்.

"இது மோட்டார் சாகவில்லை" என்றார் அவர். "ஒரு கால் போயிருக்கிறது. எந்தக் கால் என்று பார்."

மூன்று ஒயரையும் ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பார்த்தேன். இரண்டு அசையவில்லை. நடு ஒயர், உறைக்குள்ளேயே பால் பல் மாதிரி ஆடிற்று! உறையைக் கத்தியால் கீறினால் உள்ளே ஈயம் கறுத்து உதிர்ந்து கிடக்கிறது. புது மோட்டார் விலையை நினைத்துக்கொண்டேன். கடைக்காரர் ஒயரை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாம்.

ஏன் இப்படி ஆகிறது? இதை அவர் சொன்ன கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நம் வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர் கரண்டு கூட எடுப்பதில்லை. இந்தச் சுண்டைக்காய்க் கார் வேகம் பிடிக்கும் நேரத்தில் 50 ஆம்பியர் எடுக்கும். ஜாயின்ட் கொஞ்சம் மட்டமாக இருந்து, அங்கே ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்குத் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்டைக் கரண்டாலேயே பெருக்கித் தடையால் பெருக்கு: ஐம்பது ஐம்பது இரண்டாயிரத்து ஐந்நூறு, அதில் நூற்றில் ஒன்று 25 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட்தான்! அதாவது, ஈயத்தை உருக்குவதற்கென்றே உள்ள கருவியை ஜாயின்ட்டுக்குள் சொருகி வைத்துக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். ஜாயின்ட் தன்னைத் தானே அவிழ்த்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

"சரி, ஈயம் பற்ற வைப்பது உனக்கு வருமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விருத்தாசலத்தில் நான் சிறுமியாக இருந்தபோது, "ஈயம் பூசறது... ஈயம்!" என்று கூவிக்கொண்டு வருகிறவன் பின்னாலேயே நாங்கள் ஓடுவோம். தெருவோரத்தில் குழி தோண்டித் துருத்தி வைத்து, பித்தளை அண்டாவைக் காய்ச்சுவான். சாம்பலும் மண்ணும் போட்டுத் தேய்த்த பிறகு நவச்சாரத்தைத் தூவுவான். குப்பென்று வெண்புகை கிளம்பும். உடனே வெள்ளீயக் குச்சியால் ஒரு தொடு தொட்டு, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால், அண்டாவின் வயிறு முழுவதும் நிலா உதித்தாற்போல் மின்னும். அம்மா அவனிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசுவாள்: "கறுப்பு இருக்கிற இடத்தில் ஈயம் ஒட்டாதப்பா, நன்றாகத் தேய்!"

ஒயர் பற்ற வைப்பதிலும் சூத்திரம் அதுவேதான். செம்பின் மேலே படிந்த களிம்பை எடுத்தால்தான் ஈயம் பிடிக்கும். அங்கே நவச்சாரம் செய்கிற வேலையை இங்கே பைன் மரத்துப் பிசின் செய்கிறது. ஈயக்கம்பிக்குள்ளேயே அந்தப் பிசினை வைத்துத்தான் விற்கிறார்கள். நவச்சாரத்தை ஒயருக்குப் போடக்கூடாது. அண்டாவைக் கழுவுகிற மாதிரி ஒயரைக் கழுவ முடியாதே, மிச்சம் இருந்து செம்பை அரித்துவிடும்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். நம் ரசத்துக்கு மணம் கொடுக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும். அதனால்தான் சொம்பிலே தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பே போய்விடுகிறது. காரீயம் 327 டிகிரியில் உருகும். இந்த இரண்டையும் 63-க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகுகிறது! இரண்டு பிடிவாதக்காரர்களைச் சேர்த்து வைத்தால் இரண்டு பேருமே இளகிப் போகிற அதிசயத்தை, கல்யாணமான வீடுகளில் மட்டுமல்ல, ஈயக்கம்பியிலும் பார்க்கலாம். ஆனால் காரீயம் விஷம். பாத்திரங்களின் பக்கம் அந்தக் கம்பியைக் கொண்டு போகவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் காய்கறியைத் தொட வேண்டும்.

அன்று மத்தியானம் முழுவதும் பழைய ஒயர்த் துண்டுகளில் பத்துப் பதினைந்து பற்றுப் போட வைத்தார். அவர் நாற்காலியில், நான் தரையில். வலது கையை இடது கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டே பேசினார். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இவ்வளவு வார்த்தைகளை அவர் ஒருசேர என்னிடம் பேசியதாக நினைவில்லை.

"ஈயத்தைச் சூடு பண்ணாதே. ஒயரைச் சூடு பண்ணு. ஒயர் ஈயத்தைக் குடிக்க வேண்டும்."

இது எனக்கு உடனே விளங்கிற்று. தோசைக்கல் காயாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகும்?

"சின்ன அயர்ன் வேண்டாம். 60 வாட் எடு, முனை தடியாக இருக்கட்டும். சின்னதை வைத்துக்கொண்டு அரைமணி காய்ச்சினால் சூடு ஒயர் வழியாக மோட்டாருக்குள் போய்விடும். பெரிதாக இருந்தால் நாலு விநாடியில் வேலை முடியும்."

அடுத்த நாள் காலையில் நிஜ ஒயர். அதன் நுனியில் துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு சின்னப் பித்தளைக் குழல், மேலே தங்க முலாம். அதற்குப் பெயரே புல்லட் கனெக்டர். அதை எப்படி நிறுத்துவது? குறட்டால் பிடித்தால் குறடு சூட்டை உறிஞ்சிவிடும். என்னிடம் கைப்பிடி உடைந்த பூரிக்கட்டை ஒன்று இருந்தது. பேரன் அதிலே குழலின் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டான். குழலை அதில் நிற்க வைத்தோம். மரம் சூட்டைத் திருடாது.

ஒயரின் தோலைக் கால் அங்குலம் சீவினேன். உள்ளே செம்புத் தலைமயிர் போல நூற்றுக்கணக்கான இழைகள். முறுக்கி, ஈயம் குடிக்க வைத்தேன். சுருங்கும் உறையை இப்போதே ஒயரில் மாட்டி மேலே தள்ளிவிடச் சொன்னார். பற்ற வைத்த பிறகு நினைவு வந்தால் பிரித்துத்தான் மாட்ட வேண்டும். பாவாடைக்கு நாடா கோக்காமல் இடுப்பைத் தைத்துவிட்ட மாதிரி! குழலில் பாதி வரைக்கும் ஈயத்தை உருக்கி நிரப்பினேன். ஒயரின் நுனியை உள்ளே அமிழ்த்தி அயர்னை எடுத்தேன்.

"அசையாதே!" என்றார். "இப்போது அசைந்தால் எல்லாம் போச்சு. உறைகிற நேரத்தில் அசைந்த ஈயம் பார்வைக்கு ஒட்டினாற்போல் இருக்கும், உள்ளே மணல் மணலாக இருக்கும்." பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக எண்ண ஆரம்பித்தார். பத்து வரை எண்ணினார். என் கை அசையவில்லை. கோலத்தில் இழை விடுகிற கை அல்லவா!

பத்து எண்ணியதும் பேரன் குனிந்து பார்த்து, "பளபளவென்று இருக்கு தாத்தா!" என்றான். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இழு" என்றார். இழுத்தேன். வரவில்லை. "இன்னும் பலமாக." வரவில்லை. "சரி" என்றார். அவ்வளவுதான். ஆனால் அவர் வாயால் 'சரி' வாங்கின எஞ்சினீயர்களே குறைவு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இத்துடன் முடிந்தது என்று நான் அயர்னை அணைக்கப் போனேன். "பாதி வேலைதான் ஆகியிருக்கிறது" என்றார். பற்ற வைத்த ஒயர் பற்றிலே அறுபடாதாம். பற்று முடிந்து ஒயர் தொடங்குகிற எல்லையிலேதான் அறுபடுமாம். ஈயம் குடித்த இடம் குச்சி மாதிரி விறைப்பாக இருக்கும், அதற்கு மேல் ஒயர் நூல் மாதிரி துவளும். வண்டி குதிக்கும்போதெல்லாம் அந்த எல்லையிலே மடங்கி மடங்கி ஒவ்வோர் இழையாக விட்டுப்போகும். பெரிய மோட்டார்களில் இப்படி ஈயத்தை நம்புவதே இல்லையாம். கேபிள் நுனியில் லக் மாட்டி நசுக்கி, ஸ்பிரிங் வாஷர் வைத்து நட்டைப் போட்டு முறுக்கிவிடுவார்கள். அங்கேயும் கேபிள் பெட்டிக்குள் நுழைகிற வாயிலிலேயே அதை இறுக்கிப் பிடித்துவிட வேண்டும். இழுப்பும் அதிர்ச்சியும் பிடியோடு நிற்க வேண்டும், ஜாயின்ட் வரைக்கும் போகக்கூடாது.

ஆகவே உறையைச் சூடு காட்டிச் சுருக்கினோம். ஜாயின்ட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மூன்று ஒயரையும் சேர்த்து ஒரு கேபிள் டையால் காரின் சட்டத்தோடு கட்டினோம். கட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒயர் சற்றுத் தளர்வாக, பின்னலைத் தொங்கவிட்டாற்போல் இருக்கும்படி விட்டோம். பல்சக்கரத்தின் பக்கமோ சக்கரத்து அச்சின் பக்கமோ ஒயர் போகாதபடி பேரன் பார்த்துக்கொண்டான். பிறகு புல்லட்டை அதன் கூட்டில் சொருகிப் பார்த்தோம். ஒன்று மட்டும் தொளதொளவென்று உள்ளே போயிற்று. அதன் பக்கத்துத் தகடுகளைக் கத்தி நுனியால் லேசாக அகட்டினேன். இப்போது கெட்டியாகப் பிடித்தது. தளர்ந்த சேப்டி பின்னை நிமிர்த்துவது போலத்தான், நமக்குத் தெரியாத வேலையா?

ஒயரை எந்த வரிசையில் கழற்றினோமோ அந்த வரிசையிலேயே மாட்டச் சொன்னார். இரண்டை மாற்றிப் போட்டால் மோட்டார் பின்புறமாகச் சுற்றும். மாவு மில் மோட்டாரும் அப்படித்தான். மோட்டாரிலிருந்து மெல்லிய சென்சார் ஒயர் ஒன்று தனியாக வருகிற ஜாதிக் கார்களில், மாற்றிப் போட்டால் பின்புறம் சுற்றுவதோடு நிற்காது, ஸ்பீடு கண்ட்ரோலரே கெட்டாலும் கெடும்.

பாட்டரியை மாட்டினோம். விக்கல் இல்லை. வாசலில் இரண்டு நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து ஜாயின்ட்டை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மோட்டார் சூடாக இருக்கலாம், அது உழைத்த சூடு. ஒயரை விட ஜாயின்ட் சூடாக இருந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். நான் தொட்டேன், பேரன் தொட்டான். கடைசியில் அவரும் கையை நீட்டித் தொட்டார். கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கினால் என்ன, சூடு தெரியாமலா போய்விடும்?

"இல்லை. சரியாக இருக்கிறது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குப் பாதை போட என்னிடம் கோலமாவு கேட்டார்கள். வட்டத்து மைதானத்துச் செம்மண்ணில் நாலு சேர் மாவு கரைந்தது. நாலு கார்கள். மருமகள் கூட இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். இரண்டாவது சுற்றிலே எதிர் வீட்டுப் பையனின் கார் எம்பிக் குதித்து விழுந்தது, விக்க ஆரம்பித்தது. பையன் அதைத் தூக்கிக்கொண்டு கண்ணில் நீர் முட்ட எங்கள் திண்ணைக்கு ஓடி வந்தான். எங்கள் வீட்டுக்காரர் அதை வாங்கி மடியில் வைத்து ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "இந்தா, அயர்னைச் சூடு பண்ணு!"

ஐந்து நிமிஷத்தில் வேலை முடித்துக் கொடுத்தனுப்பினோம். கடைசிச் சுற்றிலே அந்தப் பையன்தான் எங்கள் பேரனை முந்திக்கொண்டு போய் ஜெயித்தான். பேரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.